உத்தியோகத்துக்கு ஒரு பரீட்சை

அமெரிக்க எச்-1பி விசாவுக்காகத் தம் வேலையின் தகுதியை ருசுப்படுத்த நேரும் குடும்பங்களைப் பற்றி, கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

கல்வராயன் மலைக்குப் பின்னே வெயில் சாய்ந்து, கச்சிராயபாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போகிற நேரத்தில், வடக்கனந்தலில் ஒரு வீட்டு நடுக்கூடத்தில், அறுபது வயதைத் தாண்டிய தகப்பனார் ஒருவர், செல்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் பரப்புவதாக வாசகர்கள் தம் மனக்கண்ணில் காணட்டும். மறுமுனையில், டெக்சாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில், பொழுது அப்போதுதான் விடிகிறது.

“எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் வேணும்ப்பா. அப்புறம் மெட்ராஸ்ல மொதல்ல வேலை பாத்த கம்பெனி குடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரு. எல்லாத்தையும் இன்னிக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லணும். ஆர்.எஃப்.இ. வந்திருக்கு.”

“ஏம்ப்பா, மூணு வருஷமா அங்க வேலை பாத்துச் சம்பளம் வாங்கிட்டுத்தான இருக்க? இப்ப போயி மார்க் ஷீட்ட எதுக்குக் கேக்குறாங்க?”

“சந்தேகம் எம்மேல இல்லப்பா. நான் பாக்குற வேலைக்கு டிகிரி வேணுமா, வேணாமான்னுதான் கேக்குறாங்க.”

பெயரும் தெருவும் சொல்லவேண்டியதில்லை. இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய காட்சியன்று. கோமுகி அணைப் பாசனத்தில் நெல்லும் கரும்பும், மழையை நம்பிய மேட்டு நிலத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைவித்து, 2010-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு அளித்துவரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையையும் துணையாகக் கொண்டு, பிள்ளையைப் பொறியியல் படிக்கவைத்துச் சென்னைக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் அனுப்பிய குடும்பங்களுள் எதிலும் இத்தகைய உரையாடல் நிகழக்கூடும். வேலைக்கு ஆள் தகுதியானவரா என்று கேட்கும் பரீட்சைகள் நமக்குப் பழக்கமானவை. தாலுகா அலுவலகக் குமாஸ்தா முதல் கலெக்டர் வரை அந்தப் பரீட்சை எழுதியே வந்தார்கள். ஆனால் இங்கே பரீட்சைக்கு உட்காருவது உத்தியோகம். அது தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்புவது ஆள். இந்த விசித்திரத்தின் விளைவுகள் மலையடிவாரத்து வீடுகள் வரை எப்படி வந்து சேர்கின்றன என்பதே நமது விஷயம்.

சட்டம் கேட்கிற கேள்வி

அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திலேயே எச்-1 என்ற பிரிவு உண்டு. அன்று அது தேடியது தகைமையாலும் ஆற்றலாலும் சிறந்து விளங்கிய மனிதரை. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பார்வையை மாற்றியது. எச்-1பி என்ற வகுப்பை ஏற்படுத்தி, ஆண்டுக்கு 65,000 பேர் என்று வரம்பு கட்டி, அந்த வகுப்பில் வருபவர் பார்க்கும் வேலை ‘தனித்துறை உத்தியோகம்’ ஆக இருக்கவேண்டும் என்றும், அதாவது மிகவும் சிறப்பான ஓர் அறிவுத் தொகுதியை ஏட்டளவிலும் நடைமுறையிலும் பிரயோகிக்கும் வேலையாகவும், அதில் நுழைவதற்கே குறிப்பிட்ட துறையில் இளங்கலைப் பட்டமோ அதற்கு ஈடான கல்வியோ தேவைப்படும் வேலையாகவும் இருக்கவேண்டும் என்றும் அது விதித்தது. அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவர்களுக்கென்று மேலும் 20,000 இடங்கள் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்ந்தன.

இதை ருசுப்படுத்தும் பொறுப்பு சட்டப்படி வேலை கொடுப்பவருடையது. மனு போடுவதும் அவரே. யு.எஸ்.சி.ஐ.எஸ். என்ற குடியேற்றச் சேவைத் துறையின் அதிகாரி அந்த வேலையைக் கண்ணால் காண்பதில்லை. அதைப் பற்றிய காகிதங்களையே காண்கிறார். ஆகவே காகிதத்தின் மொழி அங்கே உயிர்நாடியாகிவிடுகிறது. வேலையை எட்டோ பத்தோ கடமைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வார நேரத்தில் எத்தனை சதவிகிதம் செலவாகிறது என்று கணக்குச் சொல்லி, ஒவ்வொரு கடமைக்கும் கல்லூரியில் படித்த எந்தப் பாடம் துணை நிற்கிறது என்று எதிரே எழுதி, நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்ற வரைபடத்தையும், அதே வேலைக்கு முன்னர் எடுத்த ஆட்களின் பட்டங்களையும், வேண்டுமானால் பேராசிரியர் ஒருவரின் அபிப்பிராயக் கடிதத்தையும் இணைத்து, இருநூறு முந்நூறு பக்கம் போகும் ஒரு புராணத்தை வக்கீல்கள் தயாரிக்கிறார்கள். நூறு சதவிகிதத்தையும் கடமைகளே விழுங்கிவிடுவதால், இந்தக் கணக்குப்படி மென்பொருள் எழுதுகிறவர்கள் தேநீர் குடிப்பதேயில்லை.

மனுவில் அதிகாரிக்குத் திருப்தி உண்டாகாவிட்டால் வருவதுதான் ஆர்.எஃப்.இ. எனப்படும் கூடுதல் சாட்சியக் கேள்வி. பதில் சொல்ல அதிகபட்சம் 12 வாரங்கள் அவகாசம் உண்டு. வடக்கனந்தலில் பீரோ திறக்கப்படுவது அந்த வாரங்களில்தான்.

பெட்டிச் செய்தி: நான்கு வாசல்கள்

ஒரு வேலை தனித்துறை உத்தியோகம் என்று ஏற்கப்பட, விதியில் நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒன்றன் வழியாக நுழைந்தாலும் போதும். அந்தத் தொழிலில் நுழைவதற்கே வழக்கமாகப் பட்டம் தேவையாயிருப்பது முதலாவது. அதே தொழில்துறையில் அதையொத்த நிறுவனங்கள் அத்தகைய பதவிக்குப் பட்டம் கேட்பது இரண்டாவது. மனு போடும் நிறுவனமே வழக்கமாகப் பட்டதாரிகளைத்தான் அந்த வேலைக்கு எடுப்பது மூன்றாவது. கடமைகள் பட்டப்படிப்பின் அறிவில்லாமல் செய்யமுடியாதபடி சிக்கலும் தனித்தன்மையும் உடையனவாக இருப்பது நான்காவது. ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும், பட்டத்தின் துறைக்கும் வேலைக்கும் நேர்ச் சம்பந்தம் இருக்கவேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று வெளியாகி 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த திருத்த விதி, ‘வழக்கமாக’ என்றால் ‘எப்போதும்’ என்று பொருளாகாது என்றும், ‘நேர்ச் சம்பந்தம்’ என்பது தர்க்கரீதியான தொடர்பே என்றும் தெளிவுபடுத்தியிருக்கிறது.

எந்தப் பிரிவானாலும் சரி

சம்பந்தம் என்று சொன்னோம். தமிழ்நாட்டு இளைஞர் மாட்டிக்கொள்வது சரியாக அந்த இடத்தில்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1990-களின் நடுப்பகுதியிலிருந்து சென்னையில் கணினித் தொழில் வளர்ந்த விதத்தை அறிந்தவர்கள் ஒன்றை மறுக்கமாட்டார்கள். காக்னிசன்ட் நிறுவனம் 1994-இல் சென்னையில் பிறந்தது; மற்றப் பெரிய நிறுவனங்களும் அடுத்தடுத்து வந்து பழைய மகாபலிபுரம் சாலையை நிரப்பின. ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தபோது, கணினி அறிவியல் படித்தவர்களை மட்டுமே எடுப்பதென்றால் அந்த நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகியிருக்காது. ஆதலால் கேம்பஸ் இன்டர்வியூ நடத்த வந்தவர்கள் மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல் என்று பிரிவு பாராமல், கணக்கும் தர்க்கமும் ஓடுகிற மூளை இருந்தால் போதும் என்று எடுத்து, சில மாதம் பயிற்சி கொடுத்து, புரோகிராம் எழுத உட்காரவைத்தார்கள். இதில் குற்றமொன்றுமில்லை. கிராமத்துப் பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் கிடைத்தது சிவில் பிரிவு. அவனுக்கு வாழ்வு கிடைத்தது கணினியில். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய ஏற்பாடு இது.

ஆனால் அதே நிறுவனம் அமெரிக்க அதிகாரியின் முன்னே நின்று, இந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் பட்டம் இல்லாதவர் பயன்படமாட்டார் என்று வாதாட நேரும்போது, சென்னையில் தான் பிரிவு பாராமல் ஆள் எடுத்த வழக்கமே அதற்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கிறது. எந்தப் பட்டமானாலும் சரி என்றால் அது எப்படித் தனித்துறை உத்தியோகமாகும் என்ற கேள்வி, சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால், நியாயமான கேள்விதான். அந்த மனிதர் பத்து வருஷமாக வங்கிகளின் பணப்பரிமாற்ற மென்பொருளைத் தனி ஆளாகக் கட்டிக் காத்திருக்கலாம். அவர் படித்தது சிவில் என்பதால், பாலத்தின் பளுவைக் கணிக்கும் பாடத்துக்கும் வங்கியின் கணக்கேட்டுக்கும் என்ன உறவு என்று விளக்கி வக்கீல் பத்துப் பக்கம் எழுதவேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. உணவகத் தொழில் நடத்திய ராயல் சியாம் என்ற நிறுவனத்தின் வழக்கில், வணிக நிர்வாகம் என்ற பொதுவான பட்டம் போதாது என்று முதலாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. எம்.பி.ஏ. முடித்துவிட்டு அமெரிக்கா போக நினைத்த பலருடைய மனுக்களில் இன்றுவரை மேற்கோளாக எழுந்து நிற்பது அந்தத் தீர்ப்புத்தான். மறுபக்கத்தில், வட கரோலினாவில் இன்ஸ்பெக்‌ஷன் எக்ஸ்பர்ட் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், தனித்துறைகளுக்கு உதாரணமாக விதியே பொறியியலை எடுத்துக்காட்டியிருக்கும்போது பொறியியல் பட்டம் பொதுவானது என்று எப்படி ஒதுக்கலாம் என்று 2020-இல் மாவட்ட நீதிமன்றம் கேட்டது. அறிவு முக்கியமே தவிரப் பட்டத்தின் தலைப்பு முக்கியமன்று என்று ஒஹையோவிலுள்ள மாவட்ட நீதிமன்றமொன்று 2012-இலேயே சொல்லியிருந்தது. 2024-ஆம் ஆண்டு விதி இவற்றின் நடுவே ஒரு வழியைப் பிடிக்கிறது: பல பிரிவுப் பட்டங்களை ஏற்கலாம், ஆனால் ஒவ்வொரு பிரிவும் வேலையோடு நேர்ச் சம்பந்தம் உடையது என்று காட்டவேண்டும். ‘எனி பிராஞ்ச்’ என்று விளம்பரம் செய்து பழகிய நிறுவனத்துக்கு இது லேசான காரியமன்று.

புரோகிராமர் பட்ட பாடு

புரோகிராமர் என்ற சொல்லுக்கே நேர்ந்த கதியை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 2000 டிசம்பரில், அன்றைய குடியேற்றத் துறையின் நெப்ராஸ்கா மையம் புரோகிராமர் வேலையைப் பொதுவாகத் தனித்துறை உத்தியோகமாகக் கொள்ளலாம் என்று தன் அதிகாரிகளுக்குக் குறிப்பெழுதியது. பதினாறு வருஷம் அந்தக் குறிப்பு உயிரோடு இருந்தது. 2017 மார்ச் 31 அன்று, அந்த வருஷத்து மனுக்கள் வந்து குவியத் தொடங்குவதற்கு மூன்றே நாள் இருக்கையில், அது ரத்தாயிற்று. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் வெளியிடும் தொழில் வழிகாட்டிக் கையேட்டில், பெரும்பாலான புரோகிராமர்கள் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களே என்று எழுதிய கையோடு, சில நிறுவனங்கள் இரண்டு வருஷப் படிப்பு முடித்தவர்களையும் எடுப்பதுண்டு என்று ஒரு வாக்கியம் இருந்தது. அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மனுக்கள் நிராகரிக்கப்பட்டன.

இந்தியர் ஒருவரைப் புரோகிராமராக நியமிக்க விரும்பிய இன்னோவா சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. கையேடு ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்கும் விதி ‘வழக்கமாக’ என்று சொல்வதற்கும் இடையே இல்லாத ஒரு பேதத்தைத் துறை கற்பித்துக்கொண்டது தன்னிச்சையான செயல் என்று, ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டுக் குறிப்பை 2021 பிப்ரவரியில் துறை கைவிட்டது. நடுவே கழிந்த மூன்றே முக்கால் வருஷத்தில் நிராகரிப்புக் கடிதம் பெற்றவர்கள் அனைவருக்கும் அந்தத் தீர்ப்பு மறுவாழ்வு கொடுத்துவிடவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: டெவலப்பர், இன்ஜினியர், அனலிஸ்ட் என்று எல்லாரும் பட்டம் சூட்டிக்கொண்டார்கள், புரோகிராமர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளத் துணிந்தவர்கள் மனுக்களில் அருகிப்போனார்கள். வேலை மாறவில்லை.

பெட்டிச் செய்தி: கணக்கில் சில

புதிய நியமனங்களுக்கான எச்-1பி மனுக்களில் நிராகரிக்கப்பட்டவை, அரசின் தரவுகளைக் கொண்டு நேஷனல் ஃபவுண்டேஷன் ஃபார் அமெரிக்கன் பாலிசி என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டபடி, 2015 நிதியாண்டில் 6 சதவிகிதம். 2018-இல் 24 சதவிகிதம். 2022-இல் 2 சதவிகிதம். இந்த ஏழு வருஷத்தில் சட்டத்தின் வாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2026 நிதியாண்டுக்கான குலுக்கலுக்குத் தகுதியான பதிவுகள் 3,43,981, தேர்வானவை 1,20,141. பதிவுக் கட்டணம் 10 டாலரிலிருந்து 215 டாலராக உயர்ந்தது. அங்கீகரிக்கப்படும் எச்-1பி மனுக்களில் ஏறத்தாழ 71 சதவிகிதம் இந்தியர்களுடையவை.

யாருடைய வேலை?

அமெரிக்காவில் நம்மவர்களுள் கணிசமானோர் சம்பளம் வாங்குவது ஓரிடம், வேலை பார்ப்பது வேறிடம். சம்பளம் கொடுப்பது ஒரு சிறு கன்சல்டன்சி. அதற்கு மேலே ஒரு வெண்டர். அதற்கும் மேலே இன்னொரு வெண்டர். உச்சியில் கிளையன்ட் என்ற பெரிய வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ. வேலைக்குப் பட்டம் தேவையா என்று இவர்களுள் யாரைக் கேட்பது? நர்ஸுகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பிவந்த ஒரு நிறுவனத்தின் வழக்கில், டெஃபென்சார் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், அனுப்புகிறவர் கேட்பது கணக்கில்லை, வேலை நடக்கிற இடம் என்ன கேட்கிறது என்பதே கணக்கு என்று ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 2000-த்தில் சொன்னது. 2024-ஆம் ஆண்டு விதி அதையே எழுத்தில் பொறித்துவிட்டது.

விளைவு என்னவென்றால், விண்ணப்பதாரரின் தலைவிதி கிளையன்ட் லெட்டர் என்ற ஒரு பக்கக் கடிதத்தில் தொங்குகிறது. அந்த வங்கியின் மேலாளருக்கோ இவர் தம் நிறுவனத்து ஆள் அல்லர். கடிதம் கொடுத்தால் பொறுப்பு தம் தலையில் விழுமோ என்று அவருடைய சட்டப் பிரிவு அஞ்சுகிறது. மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் போகிறது, வாரங்கள் கழிகின்றன. ஒப்பந்தங்களையும் மூன்று வருஷத்து வேலை அட்டவணையையும் முன்கூட்டியே காட்டவேண்டும் என்று 2018-இல் துறை விதித்த கெடுபிடியை வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் ஐடி-சர்வ் அலையன்ஸ் வழக்கில் 2020 மார்ச்சில் ரத்துசெய்தது உண்மையே. ஆயினும் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைப் புதிய விதி துறைக்கு மீண்டும் அளித்திருக்கிறது. இல்லாத வேலைக்கு இடைத்தரகர்கள் ஆள் அனுப்பிச் சம்பளத்தில் பங்கு வாங்கியதும், ‘பெஞ்ச்’ என்ற பெயரில் ஊதியமின்றி உட்காரவைத்ததும் நடந்தவைதாம். ஆகவே இந்தக் கண்டிப்பை முழுதும் அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தரகர் செய்த தப்புக்குக் கடிதம் தேடி அலைகிறவர் தொழிலாளி.

நர்ஸும் சிற்பியும் மாடல் அழகியும்

இந்த அளவுகோல் அறிவை அளக்கிறதா, பட்டத்தை அளக்கிறதா என்று ஐயம் கொள்பவர்கள் நர்ஸுகளின் விஷயத்தைப் பார்க்கவேண்டும். நான்கு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து வருஷம் நின்றவராயினும், சாதாரணப் பதிவு நர்ஸ் பதவிக்கு எச்-1பி பெரும்பாலும் கிட்டுவதில்லை. காரணம், அமெரிக்காவில் இரண்டு வருஷப் படிப்போடு அந்தப் பதவியில் நுழையமுடியும். நுழைவாசல் தாழ்வாக இருந்தால், உள்ளே இருப்பவர் எவ்வளவு உயரமானவராயினும் கணக்கில் வரமாட்டார்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரும் திருவாசியும் தெய்வ உருவங்களும் செதுக்குகிற கை, தலைமுறை தலைமுறையாகத் தேறிவருகிற கை. ஏட்டறிவும் நடைமுறையும் ஒன்றாகப் பொருந்திய வித்தை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அதில் நுழையப் பட்டம் வேண்டியதில்லையாதலால், சட்டத்தின் கண்ணில் அது தனித்துறை உத்தியோகமன்று. அப்படியானால் பட்டமில்லாதவர் எவருக்குமே எச்-1பி கிடையாதா என்றால், உண்டு: புகழ்பெற்ற ஃபேஷன் மாடல்களுக்கு அதே வகுப்பில் தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சட்டசபைகள் எந்த ஊரிலும் ரசிகர்களைக் கொண்டவைதாம்.

மூன்று வருஷப் படிப்பு மட்டும் முடித்த பி.எஸ்ஸி., பி.சி.ஏ. பட்டதாரிகளுக்கு இன்னொரு தொல்லை. அமெரிக்க இளங்கலை நான்கு வருஷம். குறைகிற ஒரு வருஷத்தை அனுபவத்தால் ஈடுகட்ட, மூன்று வருஷ வேலை ஒரு வருஷப் படிப்புக்குச் சமம் என்ற கணக்கு விதியில் இருக்கிறது. அந்த அனுபவமும் பட்டதாரிகளோடு கூடிச் செய்த தனித்துறை அனுபவம் என்று பழைய நிறுவனம் எழுதித் தரவேண்டும். எம்.சி.ஏ. படித்தவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பித்தார்கள். சென்னையில் சிறு நிறுவனங்கள் தோன்றி மறைகிற வேகத்தை அறிந்தவர்களுக்கு, பத்து வருஷத்துக்கு முந்திய மேலாளரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது எத்தகைய பிரயத்தனம் என்று சொல்லவேண்டியதில்லை. வேலையை விட்டு விலகும் நாளிலேயே, பதவிப் பெயரும் தேதியும் மட்டுமல்லாமல், செய்த காரியங்களையும் பயன்படுத்திய மென்பொருள்களையும் விவரித்துக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று அனுபவசாலிகள் இளையவர்களுக்குச் சொல்லிவருகிறார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்வது

எச்-1பி முதலில் மூன்று வருஷம், பிறகு இன்னும் மூன்று வருஷம். அதே நிறுவனத்தில் அதே வேலைக்கு நீட்டிப்புக் கேட்கும்போது, முன்பு கொடுத்த அனுமதியை மதித்து மறுபடியும் ஆராயாமல் விடும் வழக்கம் 2004 முதல் இருந்தது. 2017 அக்டோபரில் அது நீக்கப்பட்டது, 2021 ஏப்ரலில் திரும்பியது, இப்போது விதியிலேயே ஏறியிருக்கிறது. இடைப்பட்ட அந்த வருஷங்களில், முந்தின முறை தனித்துறையாகத் தெரிந்த அதே நாற்காலி அடுத்த முறை அப்படித் தெரியாமல் போனது உண்டு. வேலை போனால் 60 நாள் வரைதான் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் மனு போடவேண்டும், அல்லது புறப்படவேண்டும். வீட்டின் வாடகை ஒப்பந்தம், காரின் தவணை, பள்ளிக்கூடம் போகும் குழந்தை, கணவரின் விசாவைப் பற்றிக்கொண்டு எச்-4 அனுமதியில் வேலை பார்க்கும் மனைவி ஆகிய அனைத்தும் அந்த 60 நாளுக்குள் அடங்கவேண்டும்.

ஊரில் அதன் அதிர்வு வேறு விதமாக இருக்கும். மகன் அனுப்பும் பணத்தை நம்பி மேல்தளம் எழுப்பத் தொடங்கியவர் கம்பிகளை நீட்டியபடி நிறுத்திவைக்கிறார். தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகிறது. பெண் பார்க்கிற இடத்தில் முன்பெல்லாம் மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை என்றால் அதற்குமேல் கேள்வியில்லை, இப்போது சம்பந்தி வீட்டார், “ஐ-140 அப்ரூவ் ஆயிடுச்சுங்களா?” என்று கிரீன் கார்டுக்கான படிவத்தின் எண்ணைச் சொல்லியே விசாரிக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவிகிதம் என்ற வரம்பினால் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை பல்லாண்டு நீளமாகிவிட்டதால், அந்தப் படிவம் தேறியவர்களும் எச்-1பி-யை மறுபடி மறுபடி நீட்டித்தே காலம் தள்ளவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நீட்டிப்பிலும் உத்தியோகம் மீண்டும் பரீட்சைக்கு உட்காருகிறது.

தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர் திரும்பிப் போவதற்குச் சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடியவேண்டும். யு.எஸ்.சி.ஐ.எஸ். ஏற்ற மனுவையே அங்கே ஜன்னலுக்குப் பின்னாலிருக்கும் அதிகாரி மறுபடி விசாரிக்கலாம். திருப்தியில்லையென்றால் 221(ஜி) என்ற பிரிவைக் குறிப்பிட்ட தாளைக் கொடுத்துக் காத்திருக்கச் சொல்லலாம். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராயும் நடைமுறை வந்தபோது, அந்த மாதத்து நேர்முகங்கள் பல மாதம் தள்ளிவைக்கப்பட, விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் இங்கேயே தங்கிப்போனார்கள்.

இதே தெருக்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் அத்தகைய சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் சரிபார்ப்பு தேவை. படித்தவரைத் தரகர் எளிதில் ஏய்க்கமுடியாது என்பது அதன் அனுமானம். எட்டு செமஸ்டர் படித்து, இரண்டு வெண்டர்களுக்குக் கீழே கிளையன்ட் லெட்டர் தேடுகிற பொறியாளரைக் கண்டால், அந்த அனுமானத்தை எழுதியவர்கள் சற்று யோசித்திருப்பார்கள்.

ஒரு லட்சம் டாலர்

2025 செப்டம்பர் 19 அன்று வெளியான அதிபரின் பிரகடனம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் செலுத்தவேண்டும் என்று விதித்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். அங்கேயே மாணவராக இருந்து விசா வகை மாற்றிக்கொள்பவருக்கு அது பொருந்தாது என்று ஒரு மாதம் கழித்து விளக்கம் வந்தது. அதற்குமேல், குலுக்கலில் எல்லாருக்கும் சம வாய்ப்பு என்ற முறையும் போய், சம்பளத்தின் நான்கு படிகளுள் உயர்ந்த படியிலிருப்பவரின் பெயர் நான்கு முறையும் அடிப்படியிலிருப்பவரின் பெயர் ஒரு முறையும் சேர்க்கப்படும் புதிய விதி 2026 பிப்ரவரி 27-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்டு வெளியானது.

இந்த இரண்டும் சேர்ந்து, தனித்துறை உத்தியோகம் என்ற பழைய பரீட்சையின் மேல் ஒரு புதிய கேள்வியை ஏற்றுகின்றன. இளம் பொறியாளரை அடிப்படிச் சம்பளத்தில் வைத்து, அவருடைய வேலை பட்டதாரியால் மட்டுமே செய்யக்கூடிய சிக்கலான வேலை என்று வாதாடுகிற மனுவைப் பார்த்து, அவ்வளவு சிக்கலானால் சம்பளம் ஏன் அடிப்படியில் இருக்கிறது என்று 2017-இலேயே அதிகாரிகள் கேட்டார்கள். புதிதாய்ச் சேர்ந்த டாக்டரும் அடிப்படிச் சம்பளக்காரர்தான், அவர் வேலை லேசானதா என்று வக்கீல்கள் திருப்பிக் கேட்டார்கள். இனி அந்த வாதத்தில் ஜெயித்தும் பயன் குறைவு. அடிப்படிக்காரரின் பெயர் குலுக்கலில் வருவதே அரிதாகப்போகிறது.

ஆகவே கச்சிராயபாளையத்துக் கரும்புப் பணத்தில் படித்து, சென்னையில் வேலையிலிருந்தபடியே நிறுவனத்தின் செலவில் அமெரிக்கா போன அந்தப் பழைய பாதை ஏறத்தாழ அடைபட்டது. திறந்திருப்பது, கடன் வாங்கி அங்கே போய் எம்.எஸ். படித்து, படிப்புக்குப்பின் கிடைக்கும் மூன்று வருஷ வேலை அனுமதிக்குள் குலுக்கலில் பெயர் வந்தால் விசாவை மாற்றிக்கொள்ளும் பாதை. முந்தைய பாதையில் நிறுவனம் பணம் கட்டியது, குடும்பம் காத்திருந்தது. இந்தப் பாதையில் நிலப் பத்திரம் முதலிலேயே வங்கிக்குப் போய்விடுகிறது. உத்தியோகம் பரீட்சையில் தேறுமா என்பது அதற்குப் பின் மூன்று நான்கு வருஷம் கழித்தே தெரியும்.